கையெழுத்துக்கு அனுப்பிய புகார்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது இது. எனக்கு ஊர் பெரம்பலூர். தினமும் பஸ் பிடித்துப் போய், அரியலூர் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாணவர்கள் கொடுக்கும் கடிதங்களை வாங்கி, நம்பர் போட்டு, உரியவர்களுக்கு அனுப்புவதுதான் என் வேலை. விடுப்புக் கடிதமோ, பஸ் பாஸ் விண்ணப்பமோ, எதுவானாலும் துறைத் தலைவர் கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டேன். பிள்ளைகள் எனக்குக் 'கையெழுத்து அக்கா' என்றே பேர் வைத்திருந்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அன்று எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் மடித்த தாளோடு வந்து நின்றாள். செந்துறைப் பக்கத்துப் பெண். அப்பா இல்லை, அம்மா முந்திரிக் காட்டில் கூலி வேலை. தாளின் மேல் பகுதியை மட்டும் பார்த்தேன். முதல்வருக்கு எழுதியிருந்தாள். துறைத் தலைவர் கையெழுத்து இல்லை.

"இது நேரா பிரின்சிபலுக்குப் போகணும் அக்கா" என்றாள்.

"எல்லாருக்கும் நேராத்தான் போவணும். அப்புறம் நான் எதுக்கு இங்க ஒக்காந்திருக்கேன்?" என்று எல்லோர் முன்னாலும் நக்கலாகக் கேட்டேன்.

முதல்வர் வெளியூர் போயிருந்தார், மதியத்துக்கு மேல்தான் வருவார். அவளுக்கோ பரீட்சைக்கு மணி அடித்துவிட்டது. "வச்சிருங்க அக்கா, முடிச்சிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அவள் போன பிறகு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாவம், துறைத் தலைவரிடம் போய் நிற்கப் பயப்படுகிறாள் போல என்று நினைத்தேன். உதவி செய்கிறேன் பேர்வழி என்று, அட்டெண்டரிடம் கொடுத்து அவருடைய கையெழுத்துக்கு அனுப்பிவிட்டேன். தாளைப் பிரித்துப் படிக்கவே இல்லை.

மதியம் அவள் வந்ததும், "ஒன் லெட்டர ஹெச்.ஓ.டி.கிட்ட அனுப்பிட்டேன், இப்ப வந்துரும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"நீங்க அதப் படிக்கலையா அக்கா? அது அவரப் பத்தினதுதான்."

அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. புராஜெக்ட் திருத்த வேண்டும் என்று தனியாகக் கூப்பிடுவாராம். கதவைச் சாத்தச் சொல்வாராம். தோளில் கை வைப்பாராம். ஒதுங்கினால் மார்க்கைச் சொல்லி மிரட்டுவாராம். அதையெல்லாம் ஒரு வாரம் யோசித்து அவள் எழுதிய புகாரை, நான் கொண்டுபோய் அந்த ஆளின் கையிலேயே சேர்த்திருக்கிறேன்.

"வாங்க அக்கா" என்று அவளே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். துறைத் தலைவர் அறை வாசலுக்கு வெளியே நின்று, வராந்தாவுக்கே கேட்கிற மாதிரி, "சார், என் லெட்டரக் குடுங்க" என்றாள்.

"உள்ள வாம்மா. கதவச் சாத்திட்டு வா, பேசிக்கலாம்" என்றார்.

"இங்கயே நிக்கிறேன் சார். லெட்டரக் குடுங்க."

"எந்த லெட்டர்? எனக்கு எதுவும் வரல."

அவர் மேசையில் தாளே இல்லை. பதினோரு வருடம் வேலை பார்த்த நான், அந்த ஆளை ஒரு கேள்வி கேட்காமல், தாள் கீழே விழுந்திருக்கிறதா என்று வாசலிலிருந்தே தரையைத் தேடினேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. திரும்பி என்னிடம் கேட்டாள்: "அக்கா, அட்டெண்டர் அண்ணன் குடுக்குறப்ப நோட்டுல கையெழுத்து வாங்குவாருல்ல?"

ஆமாம், வாங்குவார். நான் போட்ட சட்டம்தான் அது. அலுவலகத்துக்கு ஓடி வந்து நோட்டைப் புரட்டினேன். அந்தப் பெண்ணின் பெயர், கடிதம் என்ற குறிப்பு, பக்கத்திலேயே அவருடைய கையெழுத்து. பெற்றுக்கொண்ட நேரமும் அவர் கையாலேயே எழுதியிருந்தது.

கல்லூரிக்குள் பிள்ளைகள் செல்போன் வைத்திருக்கக் கூடாது. அதனால் அவளிடம் படமும் இல்லை, நகலும் இல்லை. பிரிண்டரிலிருந்து வெள்ளைத்தாள் எடுத்துக் கொடுத்தேன். என் மேசையிலேயே உட்கார்ந்து, நான்கு பக்கத்தையும் திரும்ப எழுதினாள். ஒரு அடித்தல்கூட இல்லை. கடைசியில் பேனாவை நிறுத்திவிட்டு, "மொத லெட்டர ஆபீஸ்லயே அவர்கிட்ட அனுப்பினதையும் எழுதணும் அக்கா. உங்க பேர எழுதல" என்றாள்.

அந்த நிலைமையிலும் என் வேலையைப் பற்றி நினைத்திருக்கிறாள். "பேரையும் எழுதும்மா, நான்தானே அனுப்பினேன்" என்றேன். சொல்லும்போது வேலை போய்விடுமோ என்று உள்ளுக்குள் பயம்தான். ஆனால் அவள் முன்னால் உட்கார்ந்துகொண்டு வேறு எதுவும் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

இதற்குள் அவள் வகுப்புப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். அவள் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு பேப்பர் குடுங்க அக்கா, அவரப் பத்தி நானும் எழுதணும்" என்றாள். கொடுத்தேன்.

முதல்வர் வந்ததும் கடிதத்தை நான் வாங்கக் கை நீட்டினேன். "இந்தத் தடவ நானே குடுக்குறேன் அக்கா" என்றாள். சுருக்கென்று இருந்தது. ஆனாலும் அவள் சொன்னது நியாயம். ஒரு நகல் எடுத்து, அதில் சீல் போட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

இரண்டு பெண்களின் புகாரையும் விசாரித்த குழு என்னையும் கூப்பிட்டது. நோட்டைக் கொண்டுபோய் வைத்து, நான் செய்ததைச் சொன்னேன். கடிதமே வரவில்லை என்று சாதித்தவர், தன் கையெழுத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். இரண்டு மாதத்தில் அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. வேண்டியதுதான்.

அவள் படிப்பை முடித்து டி.சி. வாங்க வந்தபோது, "என் மேல இன்னும் கோவமாம்மா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு ரொம்பக் கோவம் அக்கா. பேர எழுதச் சொன்னீங்கல்ல, அப்பப் போயிருச்சு" என்று சிரித்தாள்.

இப்போது யாராவது மடித்த தாளோடு வந்து நின்றால், முதலில் உட்காரச் சொல்லிவிட்டு, முழுதாகப் படித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க எனக்குப் பதினோரு வருடப் பழக்கம் இருந்தது. எதிரில் நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க, அந்தச் செந்துறைப் பெண்தான் கற்றுக்கொடுத்தாள்.