கணுக்காலில் ஒரு கிலோ மணல்

"என் வாயிலருந்து 'வலிக்குது'ன்னு ஒரு சொல்லு வந்துச்சுன்னா, அன்னைக்குச் சுருளி அருவி மேல பாத்து ஓடும்டி!"

2006-ஆம் ஆண்டு ஆவணி மாதத்து விடியலில், புதுப்பட்டி ரோட்டோரம் ஜீப்புக்காக நின்ற பதினான்கு பெண்கள் முன்னிலையில் சுருளியம்மாள் வெளியிட்ட அறிக்கை இது. பக்கத்தில் நின்ற ராக்கம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு 'ஸ்ஸ்' என்றதுதான் இதற்கு உடனடிக் காரணம். அறிக்கைக்கு ஆதாரமும் உண்டு. ஐம்பத்து நான்கு வருட வாழ்க்கையில் தேள் கொட்டியபோது தேளைத் திட்டினாள். இரண்டு பிரசவத்திலும் மருத்துவச்சியைத் திட்டினாள். 'வலிக்குது' என்று சொன்னதாக எந்தச் சாட்சியும் இல்லை.

சொல்லாததற்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் அம்மாவாசி.

அம்மாவாசி கங்காணி. கம்பம்மெட்டு மலைச்சாலை ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்க ஆள் கூட்டிப் போகிறவர். எட்டுப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினைந்து பேரை ஏற்றும் பொறியியல் அறிவு அவருக்கு உண்டு. ஜீப்பின் பின்னால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெளிச்சம் யார் முகத்திலும் விழாது, காலில்தான் விழும். ஏறுகிறவள் எந்தக் காலை முதலில் வைக்கிறாள், எத்தனை தடவை எக்குகிறாள், பக்கத்தில் இருப்பவள் கை கொடுக்கிறாளா என்று பார்ப்பார். ஏலக்காய் மேலே தொங்குகிற காய் அல்ல. செடி ஆளுயரத்துக்கு மேல் நிற்கும், காய் மட்டும் அடித்தூரில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். நாள் முழுக்கக் குத்தவைத்து எடுக்க வேண்டும். மடங்காத முழங்காலை மலை ஏற்றுவது வீண் என்பது அம்மாவாசியின் கொள்கை. அதை அவர் கடுமையாகச் சொல்ல மாட்டார். "ஆத்தா, நாளைக்கு வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்பார், அவ்வளவுதான். அந்த ரெஸ்ட்டிலிருந்து திரும்பி வந்தவர் யாரும் கிடையாது.

சுருளியம்மாளுக்கு ரெஸ்ட் என்றால் திருப்பூர். அங்கே ஒற்றை அறை வீட்டில் இருந்த மகன், "இங்கன வந்து டிவி பாத்துக்கிட்டு இரும்மா" என்று ஆறு வருடமாக மிரட்டிக்கொண்டிருந்தான். புருஷன் போன பிறகும் தன் வீட்டில் தன் அடுப்பில் தன் சோறு என்று அவள் இருக்க முடிந்தது, அந்த ஜீப்பில் அவளுக்கு இருந்த முக்கால் சாண் இடத்தால்தான்.

அறிக்கை வெளியிட்ட அந்த நாளில் அவளுடைய வலது முழங்கால் காபிக் குண்டான் அளவுக்கு வீங்கியிருந்தது. கண்டாங்கிச் சேலை தரை வரை தொங்கியதால் அது பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உத்தமபாளையத்தில் இலவச மூட்டு வலி முகாம் நடந்தது. கம்பத்தில் நடந்திருந்தால் போயிருக்க மாட்டாள், தெரிந்த முகம் இருக்கும். முகாமில் ரெஹானா என்ற பிசியோதெரபிஸ்ட் இருந்தாள். எக்ஸ்ரேயைப் பார்த்தவள், மூட்டு தேய்ந்திருக்கிறது என்றும், தேய்ந்தது திரும்ப வளராது, ஆனால் சுற்றியுள்ள சதையைப் பலப்படுத்தினால் மூட்டு சுமக்கிற பாரம் குறையும் என்றும் சொல்லி, பயிற்சி கொடுத்தாள்.

"பயிற்சியா?" என்றாள் சுருளியம்மாள். "நான் ஒரு நாளைக்கு நூறு தடவை உக்காந்து எந்திரிக்கிறேன் தாயி. வேலையில்லாதவளுக்குச் சொல்லு."

"நீங்க எந்திரிக்கிறதைப் பாத்தேன் பெரியம்மா. மேசையப் புடிச்சுக் கையால ஒங்களைத் தூக்கிக்கிட்டீக. தோட்டத்துல செடியப் புடிச்சுத் தூக்குவீக. தொடைச் சதை ரொம்ப நாளா லீவுல இருக்கு."

இருபத்தேழு வருடம் தோட்டத்தில் ஓயாமல் உழைத்த உடம்பில் ஒரு சதை மட்டும் லீவு எடுத்திருக்கிறது என்ற தகவல் சுருளியம்மாளுக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. அதற்காகவே செய்ய ஒப்புக்கொண்டாள். கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்துத் தடவை. கணுக்காலில் எடை கட்டி, உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டி இறக்குவது பத்துத் தடவை. முதலில் கால் கிலோ, பிறகு அரை, பழகினால் ஒன்று. லேசாக நோவெடுத்தால் பயப்பட வேண்டாம், மறுநாளும் நின்றால் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும்.

ஆற்று மணலைப் பழைய வேட்டித் துணியில் தைத்துப் பை செய்தாள். வீட்டில் செய்ய முடியாது, பக்கத்துச் சுவரில் ராக்கம்மாளின் ஜன்னல். ஆகவே பையை மடியில் வைத்து மலைக்கே கொண்டுபோனாள். மதியச் சோறு முடிந்ததும் எல்லாரும் வெற்றிலைக்கு உட்கார, இவள் "ஒதுங்கிட்டு வாரேன்" என்று ஓடைப் பக்கம் போய், ஒரு பாறைமேல் உட்கார்ந்து காலை நீட்டினாள். எட்டு வாரம் போனது. ஜீப்புப் படி கொஞ்சம் தாழ்ந்திருப்பதுபோல் தோன்றியது. படி தாழவில்லை.

இங்கேதான் அவள் ஒரு தவறு செய்தாள். எடுத்த காய்க்குத் தகுந்த கூலி வாங்கிப் பழகியவளுக்கு, பத்துத் தடவைக்கே இவ்வளவு பலன் என்றால் பாதி நாள் கட்டிக்கொண்டே நடந்தால் எவ்வளவு பலன் என்று ஒரு கணக்கு உதித்தது. ஐப்பசிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, ஒரு கிலோப் பையைக் கணுக்காலில் கட்டியவள் அவிழ்க்கவே இல்லை. சேலைக்குள் மறைத்துக்கொண்டு காய் எடுக்கப் போய்விட்டாள்.

மாலை நான்கு மணிக்குச் சாரலில் எடை போட வரிசை நின்றது. தராசுக்குப் பக்கத்தில் தோட்டத்து மலையாளி சூப்பர்வைசர் குரியாச்சன். முந்தின மாதம் யாரோ காய்ப் பையில் கல்லைப் போட்டு எடையைக் கூட்டியதைக் கண்டுபிடித்ததிலிருந்து அந்த மனிதர் சிரிப்பதில்லை. ஒவ்வொரு பையையும் தார்ப்பாயில் கொட்டிக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அருகில் அம்மாவாசி கைகட்டி நின்றார்.

சுருளியம்மாள் வரிசையில் பத்தாவது. கணுக்காலில் முடிச்சு நெகிழ்வது அவளுக்குத் தெரிந்தது. குனிந்து இறுக்கலாம், ஆனால் குனிந்தால் பின்னால் நிற்கும் ராக்கம்மாள் பார்ப்பாள். எட்டாவது ஆனாள். நனைந்த துணி இன்னும் இறங்கியது. குதிகாலை ஒட்டிக் கனம் தொங்க, பாதத்தைத் தரையோடு தேய்த்து நடந்தாள்.

"என்னக்கா, காலை இழுக்குற?"

"செருப்பு வாரு போச்சுடி."

"நீ செருப்பே போடலையேக்கா."

நான்காவது. மூன்றாவது. தராசுக்கு முன்னால் ஓடும் வாய்க்காலின் மேல் ஒரு பலகை. வலது காலைத் தூக்கிப் பலகையில் வைத்தாள். தொப்பென்று சேலைக்குள்ளிருந்து ஒரு மூட்டை விழுந்தது.

பதினான்கு தலைகளும் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் திரும்பின.

குரியாச்சன் அதை இரண்டு விரலால் தூக்கப் பார்த்தார், முடியவில்லை, கையால் எடுத்தார். "சேலைக்குள்ள வச்சுக் காய் கடத்துறியா?"

"சேச்சே!"

முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மணல். அவர் முகம் மாறியது. திருட்டைக்கூட அவர் பொறுத்திருப்பார்போல.

"மணலோ! அப்ப தராசுல போடத்தான் கொண்டு வந்தது. போன மாசம் கல்லும் இவதான்." அம்மாவாசியைப் பார்த்தார். "கேட்டோ, நாளை முதல் உன்ற ஜீப்பு இங்க வேண்டா. ஒரு ஆளும் வேண்டா."

அம்மாவாசியின் கட்டிய கை தானாக அவிழ்ந்தது. "சார், சார்... ஏ சுருளியக்கா, வாயத் திறந்து சொல்லு! எதுக்கு இந்த மணலு?"

எடையில் ஏமாற்றியவள் என்றால் எல்லாருக்கும் வேலை போகும். உண்மையைச் சொன்னால் அவளுக்கு மட்டும் போகும். ராக்கம்மாள் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாரல் தார்ப்பாயில் சடசடத்தது.

"அது எடை போடுறதுக்கு இல்லய்யா. தூக்குறதுக்கு."

"எந்தா?"

"காலால தூக்குறதுக்கு. பாளையத்துல ஒரு பாப்பா சொல்லிக் குடுத்துச்சு."

யாரும் நம்பவில்லை. நம்பும்படியான விஷயமாகவும் அது இல்லை. ஆகவே அவள் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். பையை வாங்கி, எல்லாரும் பார்க்கக் கணுக்காலில் கட்டினாள். சேலையை முழங்காலுக்குச் சற்று மேலே ஏற்றியபோது, இத்தனை நாள் ஒளித்திருந்த வீக்கம் ஊரறிய வெளியே வந்தது. காலை நேராக நீட்டினாள். நிறுத்தினாள். இறக்கினாள்.

"ஒண்ணு" என்றாள் ராக்கம்மாள், தன்னை அறியாமல்.

ஏழில் தொடை நடுங்கியது. எட்டில் உதட்டைக் கடித்தாள். ஒன்பதை நான்கைந்து பேர் சேர்ந்து எண்ணினார்கள். பத்தில் கால் நீட்டியபடியே நின்றது, தராசுத் தண்டு போல.

குரியாச்சன் தலையைச் சாய்த்து அந்தக் காலைப் பார்த்தார். "என்ற அம்மச்சிக்கும் கட்டப்பனையில இதே பை குடுத்தது. ஒரு நாள்கூடச் செஞ்சதில்ல." பிறகு அவளுடைய காய்ப் பையைக் கொட்டிக் கிளறினார். காய் மட்டுமே இருந்தது. "போட்டே, போவட்டும்" என்று தராசுக்குத் திரும்பினார்.

ஜீப்பு தப்பியது. சுருளியம்மாள் தப்பவில்லை. பார்க்கக் கூடாத முழங்காலை அம்மாவாசி பார்த்துவிட்டார். புதுப்பட்டியில் எல்லாரும் இறங்கியதும் அவள் பக்கம் வந்தார்.

"ஆத்தா, நாளைக்கு வீட்ல..."

"தம்பி, அந்தச் சொல்லைச் சொல்லாத. விடியக்காலம் வாரேன். இந்தக் காலை முதல்ல வச்சு ஏறிக் காட்டுறேன். ஏற முடியலைன்னா நீ சொல்லவே வேணாம், நானே திருப்பூருக்குப் போயிருவேன்."

"கம்பியில ஒரு கைதான்."

"ஒரு கைதான்."

மறுநாள் வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். வேலைக்கு வராத இரண்டு பேர்கூட வந்திருந்தார்கள், பல் விளக்கிக்கொண்டே. டார்ச் வெளிச்சம் ஜீப்புப் படியில் விழுந்தது. சுருளியம்மாள் இடது கையால் கம்பியைப் பிடித்தாள். வலது காலைத் தூக்கி வைத்தாள். கை நீட்டிய ராக்கம்மாளை அம்மாவாசி ஒரு பார்வையால் நிறுத்தினார்.

உடம்பு பாதி எழும்பி அங்கேயே நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பல் விளக்கியவர்கள் விளக்குவதை நிறுத்தினார்கள். கம்பியில் இருந்த கை இறுகியது, ஆனால் இழுக்கவில்லை. எட்டு வாரத்தில் லீவிலிருந்து திரும்பியிருந்த அந்தத் தொடைச் சதைதான் மெல்ல, மிக மெல்ல அவளை நிமிர்த்தியது. இடது கால் படியைத் தொட்டது.

அம்மாவாசி டார்ச்சை அணைத்தார். "ஏறுங்க, ஏறுங்க. நேரமாச்சு" என்று மற்றவர்களை விரட்டினார்.

ஜீப்பு மெட்டுச் சாலையின் மூன்றாவது வளைவில் திரும்பியது. பிறகு ராக்கம்மாள் காதருகே சாய்ந்து, மற்றவர்க்குக் கேட்காமல் கேட்டாள்:

"யக்கா, வலிச்சுச்சா?"

சுருளியம்மாள் வெளியே பார்த்தாள். வாயில் வசவு எதுவும் வரவில்லை.

"வலிக்குதுடி" என்றாள். "கொஞ்சம் தள்ளி உக்காரு, காலை நீட்டிக்கிறேன்."