மகள் ஓடிப்போவதற்கு நான் செய்த ஏற்பாடுகள்

மகள் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டால் அப்பனுக்கு ஒரு வேலையும் இல்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். மிஞ்சிப் போனால் இரண்டு நாள் சாப்பிடாமல் இருக்க வேண்டும், ஒரு மாதம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசக் கூடாது, பேரக்குழந்தை பிறந்ததும் சமாதானமாகிவிட வேண்டும். என்னால் முடியாத காரியம் இதில் எதுவும் இல்லை. ஆனால் வெலிங்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் எடுக்கப் போனபோது, ஃப்ரிட்ஜ் கதவில் பீட்ஸா கடைக் காந்தத்தின் கீழே ஒரு தாள் தொங்கியது. ‘எங்கள் எலோப்மென்ட்’, அதாவது ஓடிப்போதல், என்று தலைப்பு. கீழே பதினான்கு வேலைகள். அவற்றில் ஒன்பதுக்கு எதிரே ‘அப்பா’ என்று எழுதியிருந்தது.

நியூசிலாந்தில் இப்படித்தான் ஓடுகிறார்கள். நாள் குறித்து, வானிலை பார்த்து, பூங்காவுக்கு விண்ணப்பம் கொடுத்து, அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். பெரிய மண்டபமும் கூட்டமும் வேண்டாம், ஆறேழு பேர் போதும் என்பதுதான் விஷயம். வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. என்னோடு வேலை செய்தவனின் கல்யாணத்துக்குப் போய், மணப்பெண்ணின் அப்பாவைத் தனியே அழைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, “மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்” என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. “அவனுக்கு வயது பதினாறு. போன வாரம்தான் புதைத்தோம்” என்றார். அவருடைய நாய் செத்துப்போன செய்தி எனக்கு எட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அன்று முழுக்க என்னை விட்டு நகரவில்லை.

என் மகள் பெயர் அபர்ணா. வீட்டில் அப்பு. மாப்பிள்ளை ஹேமிஷ் மரங்களுக்கு வைத்தியம் பார்ப்பவன். தாளில் முதல் வரி ‘இடம்’. அதற்கு எதிரே அப்பு இரண்டே வார்த்தை எழுதியிருந்தாள்: ‘அத்தை பார்க்’. அதைப் படித்ததும் பாலை மறுபடி ஃப்ரிட்ஜிலேயே வைத்துவிட்டேன்.

அத்தை என்றால் என் அக்கா பத்மா. மயிலாப்பூரில் தனியாக இருக்கிறாள்; கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இருபத்து நான்கு வருடங்களுக்கு முன்பு நானும் என் மனைவி சுதாவும் வெலிங்டனில் ஓர் அறையில் குடியேறியபோது, மூன்று வயது அப்புவை அக்காவிடம்தான் விட்டுவிட்டுப் போனோம். இரண்டு வருடம். தினமும் அவள் அப்புவை இரண்டு தெரு தள்ளியிருக்கும் பூங்காவுக்கு அழைத்துப் போவாள். ஏழு சுற்று ஓடி முடித்தால்தான் குழந்தை வீடு திரும்பும். அக்கா பின்னாலேயே நடப்பாள். அப்புவை நாங்கள் கூட்டிக்கொண்டு போன பிறகும் அக்கா அந்த ஏழு சுற்றை விடவில்லை. காலையில் போய் நடந்துவிட்டு வருகிறாள், இன்றுவரை.

“அத்தைக்கு மட்டுமாவது சொல்லிடலாமேடி” என்றேன்.

“அத்தைக்குச் சொன்னா சித்தப்பாவுக்குச் சொல்லணும். சித்தப்பாவுக்குச் சொன்னா மாம்பலத்துல எல்லாருக்கும் சொல்லணும். அப்புறம் அது கல்யாணமாயிடும்பா” என்றாள் அப்பு. “முடிஞ்ச உடனே நேரா அத்தை வீட்டுக்குப் போய் நானே சொல்றேன். நீ உளறாம இருந்தா போதும்.”

அந்தத் தாளின் கடைசியில் ‘எது கெட்டுப்போகலாம்?’ என்று ஒரு பகுதி இருந்தது. மழை, காற்று, நாய் என்று ஹேமிஷ் எழுதியிருந்தான். யாரும் பார்க்காத நேரத்தில் பென்சிலால் ‘அக்கா’ என்று சேர்த்தேன். பிறகு அதையும் பயந்துபோய் அழித்துவிட்டேன்.

என் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களிடம், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, “பதறாதீர்கள், உள்ளே காற்று நிறைய இருக்கிறது” என்று சொல்வது என் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் சொல்கிறேன். எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இரண்டு வாரம் முன்னதாகவே என்னைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். தங்கியது அக்கா வீட்டில். ஹோட்டலில் தங்கினால் சந்தேகம் வரும். ஏன் திடீரென்று வந்தாய் என்று கேட்டாள். வெளிநாட்டுக்காரன் எவனும் சொல்லும் பொய்யைச் சொன்னேன்: பல் வைத்தியம், தி. நகரில், இரண்டு வாரம். அக்கா என் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “அப்போ கடிச்சுச் சாப்பிடக் கூடாதோன்னோ” என்றாள். அன்றிலிருந்து மூன்று வேளையும் குழைந்த ரசம் சாதம். பக்கத்து வீட்டில் வடை பொரியும் வாசனை ஜன்னல் வழியாக வரும். நான் சாதத்தை உறிஞ்சிக்கொண்டிருப்பேன்.

பூங்காவில் விண்ணப்பத் தாள் யாரிடம் வாங்குவது என்று கேட்கப் போனேன். வெலிங்டனில் அந்தத் தாளில் எத்தனை நாய்கள் வரும் என்பதுவரை கேட்பார்கள். இங்கே வாசலில் காவலாளி ஏழுமலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“சின்னதா ஒரு நிகழ்ச்சி. அரை மணி நேரம்” என்றேன்.

“இன்னா, கேக் வெட்றியா? கேக்கு, பலூனு ரெண்டும் கூடாது.”

“மாலை மாத்திக்கறது.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “இந்த வயசுலயா சார்?”

“எனக்கில்ல, என் பொண்ணுக்கு. ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கறா.”

“நீ பொண்ணோட அப்பன். நீயே வந்து எடம் கேக்குற.” விரல் விட்டுக் கணக்குப் போடுபவர்போல் நிறுத்தினார். “அப்ப அதுங்கள யாரு நைனா தொரத்திக்கினு வர்றது?”

சிரித்தேன். துரத்த ஓர் அக்கா இருக்கிறாள் என்பதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

சத்தமும் குப்பையும் போடாமல் போவதாக இருந்தால் ஆபீசில் நானே பேசி வாங்கித் தருகிறேன் என்றார். நல்ல மனிதர். நான் நியூசிலாந்திலிருந்து வந்திருப்பதைச் சொன்னதும் தன் கதையைச் சொன்னார். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். கரையிலிருந்த வீடுகளை இடித்தபோது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். “பொறந்த ஊருக்கு வேலைக்கு வர்றேன், வெளியூருக்குத் தூங்கப் போறேன். நானும் ஒன்ன மாறி ஃபாரின்தான், பஸ்ஸுல போற ஃபாரின்” என்றார். பேச்சு இதமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முகத்தைச் சாய்த்து என்னை உற்றுப் பார்த்தார்.

“ஒன் மூஞ்சி பாத்த மூஞ்சியா கீதே. நம்ம டீச்சரம்மா ஜாடை.”

“எந்த டீச்சரம்மா?” என்றேன். வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது.

“டெய்லி வாக்கிங் வரும். ஏழு ரவுண்டு. அதும் தம்பி கூட நியூசிலாந்துலதான் கீறாராம்.”

“அங்க நிறைய தம்பிங்க இருக்காங்க” என்று சொல்லிவிட்டுக் கிட்டத்தட்ட ஓடிவந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் ஓடியது நான்தான்.

மயிலாப்பூர் மாட வீதியில் பூமாலைக்குச் சொன்னால் அடுத்த நிமிடம் அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்று தி. நகர்வரை போய்ச் சொன்னேன். நேரத்தை மாற்றவும் பார்த்தேன். அக்கா ஐந்து ஐம்பதுக்கு நடக்க ஆரம்பிப்பாள், ஒரு சுற்றுக்கு எட்டு நிமிடம். அப்பு குறித்திருந்த நேரம் ஆறேகால். வைகாசி வெயில் ஏறுவதற்குள் வெளிச்சம் நன்றாக இருக்குமாம். அதாவது, மாலை மாற்றும் நேரத்தில் அக்கா நாலாவது சுற்றில், அப்பு குறித்திருந்த மகிழமரத்தை நெருங்கிக்கொண்டிருப்பாள். பதினோரு மணிக்கு வைத்துக்கொள்ளலாமே என்று போனில் கெஞ்சினேன். “பதினோரு மணிக்கு எல்லாரும் பாட்டில் மாதிரி வேர்த்திருப்போம்பா” என்று அப்பு வைத்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு சுதா, அப்பு, ஹேமிஷ், அவன் பெற்றோர் எல்லோரும் வந்து அடையாறில் ஒரு ஹோட்டலில் ஒளிந்துகொண்டார்கள். கல்யாணத்தன்று காலை ஐந்து மணிக்கு, பல் டாக்டர் சீக்கிரம் வரச் சொன்னார் என்று அக்காவின் மூடிய அறைக் கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வாசலில் அவளுடைய நீல ஷூ இருந்தது. போன தடவை வெலிங்டனிலிருந்து நான் வாங்கி வந்தது. புடவைக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டுதான் நடப்பாள். அப்போது நான் செய்ததை எழுதவே கை கூசுகிறது. ஐம்பத்து நான்கு வயதுக்காரன், இடது கால் ஷூவை எடுத்துக்கொண்டு பூனைபோல் உள்ளே போய், என் பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

ஆறேகாலுக்கு மகிழமரத்தடியில் நின்றோம். சுதா பட்டுப்புடவையில், ஹேமிஷின் பெற்றோர் வியர்வையில். மாப்பிள்ளை மாலைக்குக் காத்திருந்த நேரத்தில் மரத்தைத் தட்டிப் பார்த்து, ஆரோக்கியமாக இருக்கிறது என்று அறிவித்தான். இருவரும் ஆளுக்கொரு தாளை வைத்துக்கொண்டு படித்தார்கள். அப்பு என்ன படித்தாள் என்று கேட்காதீர்கள். நான் நடைபாதை வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை புடவை தெரியும்போதும் அதற்குக் கீழே நீலம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். யார் யாரோ வந்தார்கள். ஒரு மாமி நின்று கைதட்டிவிட்டுப் போனாள். சிரிப்புப் பயிற்சிக்காரர்கள் தூரத்தில் கூட்டமாகச் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றியது. மாலை மாறியது. மோதிரம் ஏறியது. அக்கா வரவில்லை.

தப்பித்தேன் என்ற சந்தோஷம் இரண்டு நிமிடம் இருந்திருக்கும். ஏழுமலை பக்கத்தில் வந்து நின்றார்.

“டீச்சரம்மா வந்தாங்களா?” என்று கேட்டேன், சும்மா கேட்பதுபோல.

“அதான் சார் எனக்கும் ஒரு மாறி கீது. பதினாலு வருசமா பாக்குறேன். மழ கொட்டுனா கொடை புடிச்சிக்கினு வரும். இன்னிக்குதான் காணோம்.”

அதுவரை பட்டதெல்லாம் பயமே இல்லை என்று அப்போது புரிந்தது. அறுபத்தாறு வயது. தனியாக இருப்பவள். ஒற்றை ஷூவைக் காணவில்லை. கட்டிலுக்கு அடியில் தேடியிருப்பாள். பரணில் இருக்குமோ என்று ஸ்டூல் போட்டு ஏறியிருப்பாள். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. சரி செய்து தருகிறேன் என்று நானே மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். போட்டோ எடுக்க எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் ஓட ஆரம்பித்தேன். “சார், நீ எங்க ஓடுற?” என்று ஏழுமலை கத்தியது காதில் விழுந்தது.

இரண்டு தெருவும் இரண்டு மாடிப்படியும். பதறாதே, காற்று நிறைய இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன், மூச்சுதான் வரவில்லை. கதவைத் தட்டவில்லை, இடித்தேன்.

அக்கா திறந்தாள். தலை பின்னிப் பூ வைத்து, அரக்குப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். என் வேஷ்டியைப் பார்த்தாள்.

“பல் டாக்டர்கிட்ட இப்படித்தான் போவாளாடா?”

அவள் கால்களைத் தொட்டுப் பார்த்தேன். உடையவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன்.

“போறும், எழுந்திரு. நீ மட்டும் வந்து நின்னா எப்படி? குழந்தைகள் எங்கடா?” என்றாள்.

கால் மணி நேரத்தில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். அப்பு வாசலிலேயே அக்காவைக் கட்டிக்கொண்டு, மனப்பாடம் செய்து வந்ததையெல்லாம் மறந்துவிட்டு, “அத்தை, அத்தை” என்று மட்டும் சொன்னாள். கூடத்தில் ஒரு தட்டு நிறைய கை முறுக்கு இருந்தது. ஐந்து சுற்று முறுக்கு, கல்யாணச் சீருக்குச் சுற்றுவது. போன வாரமே சொல்லிவைத்தாளாம். ஏழுமலையின் மகளுக்கு அக்காதான் கணக்குச் சொல்லித் தருகிறாள் என்ற தகவலும் அப்போதுதான் எனக்குக் கிடைத்தது. ஹேமிஷுக்கு ஒன்று கொடுத்தாள், அவன் பெற்றோருக்கு ஆளுக்கொன்று. கடைசியில் என் கையில் ஒன்றை வைத்தாள்.

“கடி. பல்லு சரியாயிடுத்தோன்னோ.”

கடித்தேன்.

“நீ ஏன் அத்தை இன்னிக்கு வாக்கிங் வரலை?” என்று அப்பு மெதுவாகக் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள்.

“கால் வலிடி” என்றாள் அக்கா. “நீ முறுக்கை எடுத்துக்கோ.”

மதியம் சாப்பிட்டு எல்லோரும் ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். ஐந்து மணி வாக்கில் அக்கா வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

“டேய் ரகு, அந்த ஒத்த ஷூவைக் கொண்டா.”

பெட்டியைத் திறந்தேன். வெலிங்டனுக்குப் போக வேண்டிய சட்டைகள், சாம்பார்ப் பொடி, காப்பிப் பொடி, அவற்றுக்கு அடியில் அக்காவின் இடது கால் ஷூ. வலது கால் மயிலாப்பூர் வாசலில் கிடந்தது. இரண்டையும் சேர்த்து வைத்து, குனிந்து நானே கயிற்றைக் கட்டிவிட்டேன். கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நீ வந்தால் பேசிக்கொண்டே வருவாய் என்றாள்.

ஆறரை மணிக்குத் திரும்பி வந்தாள். ஏழு சுற்றும் நடந்திருந்தாள்.