இஸ்திரிப்பெட்டி மனைக்கு ஓர் ஆட்சேபணை

அவர் செருப்புக் கடையில் இருபத்தாறு வருடம் விற்பனையாளர். குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவரின் காலைப் பார்த்தே அளவைச் சொல்லிவிடுவார். அதனால் தெருவில் அவருக்கு அளவுக்காரர் என்றே பெயர். மனிதர்களை முகத்தைவிடக் காலால் ஞாபகம் வைத்திருப்பவர். முதன்முதலாக என்னிடம் பேசியபோதே, "சாருக்கு எட்டாம் நம்பர். ஆனா இடது கால் கொஞ்சம் பெருசு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஐம்பது வருடமாக அந்தக் காலோடு நடப்பவனுக்குத் தெரியாதா என்ன?

அவரும் மனைவியும் பதினோரு வாடகை வீடு மாறியவர்கள். இன்னொரு முறை சாமான் கட்டமாட்டேன் என்று அந்த அம்மாள் கறாராகச் சொல்லிவிட, என் வீட்டை ஒட்டி யாரும் சீண்டாமல் கிடந்த மனையை வாங்கினார். தெருப்பக்கம் கூராக ஆரம்பித்துப் பின்னால் அகலமாகும். நாங்கள் அதை இஸ்திரிப்பெட்டி மனை என்போம். ஒரு பக்கம் மழைநீர்க் கால்வாய். கால்வாயிலிருந்து மூன்று மீட்டர் விடவேண்டும், அந்தப் பக்கச் சுவரில் திறப்பு எதுவும் கூடாது என்பது விதி. பின்னால் ஒரு கிடங்கின் உயரமான சுவர். முன்பக்கக் கூரில் ஒரு கதவுதான் அடங்கும். வெளிச்சம் வர மிச்சமிருந்தது என் பக்கம் ஒன்றுதான்.

அந்த அம்மாள் வீட்டில் துணி தைத்துக் கொடுப்பவர். பார்வை ஏற்கெனவே மங்க ஆரம்பித்திருந்தது. அதனால் தையல் மிஷினுக்கு நேராக நாலடியில் ஒரு ஜன்னல், என் வீட்டைப் பார்த்து. அந்த ஜன்னலை வைத்துத்தான் மொத்த வரைபடத்தையும் போட்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீடு கட்ட அனுமதி கேட்டால் நகராட்சிக்காரர்கள் மனையில் வரைபடத்தோடு ஒரு நோட்டீஸ் ஒட்டுவார்கள். முப்பது நாளுக்குள் அக்கம்பக்கத்தார் ஆட்சேபணை சொல்லலாம். ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டே அதைப் படித்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்திலேயே ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன், ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? அதற்கப்புறம் மனையைப் பார்க்க வந்தபோதெல்லாம் என் வாசலைத் தலையைக் குனிந்துகொண்டே கடந்தார். திமிர் என்று முடிவு கட்டினேன்.

"ஏங்க, நீங்களே ஒரு எட்டு போய்க் கேட்டா என்ன? வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்றாள் என் மனைவி.

"நான் எதுக்குப் போகணும்? வீடு கட்டறது நானா அவரா?"

பன்னிரண்டாம் நாள் நகராட்சிக்குக் கடிதம் எழுதினேன். காப்பீட்டு அலுவலகத்தில் இருபது வருடமாக மறுப்புக் கடிதம் எழுதுவதுதான் என் பிழைப்பு. அதில் நான் புலி. அந்த ஜன்னல் எங்கள் குளியலறைக்கு நேராக வருகிறது, வீட்டுப் பெண்கள் நிம்மதியாகப் புழங்க முடியாது என்று ஒன்றரைப் பக்கம். உண்மையில் எங்கள் குளியலறையில் இருப்பது ஆளுயரத்துக்கு மேலே ஒரு பால்நிறக் கண்ணாடி. காக்கை வந்து எட்டிப் பார்த்தால்தான் உண்டு. அவர் அலறியடித்துக்கொண்டு வருவார், உட்காரவைத்து டீ கொடுத்து, மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டு, கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது என் நினைப்பு.

அவர் வரவில்லை. விசாரணைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். ஃபைல் அடுக்குகளுக்கு நடுவே இரண்டு நாற்காலி. குமாஸ்தா என் கடிதத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். கேட்கக் கேட்க எனக்கே அது நிஜம் போலிருந்தது.

அளவுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார். "சார் சொல்றது நியாயம்தான். பொம்பளைங்க இருக்கிற வீடு. நாங்கதான் யோசிக்காம போட்டுட்டோம். ஜன்னலை எடுத்துடறேன்."

"அப்படின்னா உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று குமாஸ்தா என் பக்கம் தாளைத் தள்ளினார். ஜன்னல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒன்றரைப் பக்கமும் பொய் என்றாகும். மானம் போகுமே என்று கையெழுத்தைப் போட்டேன். வெட்கங்கெட்ட மானம்.

படியில் இறங்கும்போது அவர் என் பக்கத்தில் வந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க சார். நோட்டீஸ் ஒட்டின பிறகு உங்ககிட்ட வந்து பேசினா, சம்மதிக்கச் சொல்லி நெருக்கற மாதிரி ஆயிடும்னு நினைச்சேன். கடையில செருப்பைக் கால்ல மாட்டிவிட்டா நாங்க வாயைத் திறக்கமாட்டோம் சார். நடந்து பார்த்துட்டு அவங்களாத்தான் சொல்லணும். அதான் உங்க முகத்தைக்கூடப் பார்க்காம போனேன்."

அப்போதாவது திரும்பிப் படியேறியிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

எட்டு மாதத்தில் வீடு எழும்பியது. ஜன்னல் இல்லை என்றானதும், மாடியறையின் பாரத்தை என் பக்கச் சுவரில் இறக்கிவிட்டார் பொறியாளர். இனி அதில் ஒரு செங்கல்லைக்கூட உருவ முடியாது. பட்டப்பகலில் உள்ளே பல்பு எரியும். அந்த அம்மாள் மிஷினை வாசல் கதவு வரைக்கும் இழுத்துவந்து தைப்பார். சாரல் அடித்தால் கதவைச் சாத்திக்கொண்டு வேலையை நிறுத்திவிடுவார். மிஷின் சத்தம் நிற்கும்போதெல்லாம் நான் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பேன். இதற்கிடையில் அந்த மனுஷன் என் இடது காலுக்குத் தோதாக ஒரு ஜோடி செருப்பு கொண்டுவந்து கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு நடப்பதைவிட முள்மேல் நடந்திருக்கலாம்.

மூன்று வருடம் இப்படியே ஓடியது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "போய்ச் சொல்லித் தொலைங்க. உங்களோட சேர்ந்து நானும் புழுங்கறேன்" என்று மனைவி விரட்டினாள். போனேன். இரண்டு பேரும் வாசலில்தான் இருந்தார்கள். அவர் துணியை மடித்துக்கொடுக்க, அந்த அம்மாள் தைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் குளியலறை விஷயம் பொய்ங்க. அந்த ஜன்னல்லேர்ந்து ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேங்கற கோபத்துல எழுதிட்டேன். மன்னிச்சிடுங்க."

அளவுக்காரர் கையிலிருந்த துணியை மறுபடி மறுபடி மடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு குடும்பத்தின் கௌரவத்துக்காக ஜன்னலை விட்டுக்கொடுத்தோம் என்ற திருப்தி அவர்களுக்கு இருந்திருக்கிறது. ஏன் இருட்டாக இருக்கிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லிவந்திருக்கிறார்கள்.

அந்த அம்மாள் மிஷினை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ, சும்மாதான் எழுதினீங்களா அண்ணே?"