குழாயில் வந்த சாமி

போன வாரம் எங்கள் வீட்டு பாத்ரூமில் சாமி வந்துவிட்டார். நான் சொல்லவில்லை... மாடியில் தங்கியிருக்கும் ராவ் சொன்னார்.

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் எங்கள் வீடு. மாடியில் ஒரு ரூம். ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். இந்த முறை வந்தவர் ராவ். குண்டூர்க்காரர், ரிட்டயர்டான கணக்கு வாத்தியார், தமிழும் நன்றாகவே பேசுவார். காலையில் கிரிவலம், மாலையில் தியானம், மிச்ச நேரத்தில் என் மனைவி செல்வி வைக்கும் சாம்பாருக்குப் பாராட்டு. இப்படி ஒரு கெஸ்ட் அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அன்று காலை ஈரத் தலையோடு படியிறங்கி வந்தவர், என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். குளிக்கும்போது குழாயைத் தொட்டாராம். விரல் நுனியில் தொடங்கி முழங்கை வரை 'ஜிவ்'வென்று ஏதோ ஏறியதாம். நேற்றும் அப்படித்தானாம். அக்னி மலை அடிவாரத்தில் இப்படி நடந்தால் வேறென்ன அர்த்தம் என்று என்னையே கேட்டார்.

வேறு அர்த்தம் ஒன்று இருக்குமே என்று எனக்கு லேசாகச் சந்தேகம். மேலே போய்த் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. குழாய், குழாயாகத்தான் இருந்தது.

ராவ் என் காலைப் பார்த்தார். ரப்பர் செருப்பு.

"செப்பல் போட்டுட்டு தொட்டா சாமி எப்படி சார் வருவார்?"

நியாயம்தானே? எந்தச் சன்னிதிக்கு நாம் செருப்போடு போகிறோம்? கழற்றினேன். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, பயபக்தியோடு புறங்கையால் லேசாகத் தொட்டேன்.

சுரீர்!

ஒரு விநாடி — பொய் சொல்லக் கூடாது — நானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் புத்தி திரும்பியது. கீசரில் கரண்ட் லீக்! விழுந்தடித்து ஓடிப் போய் மெயினை ஆஃப் செய்தேன்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தால், ராவ் அதே பரவசத்தில் இருக்கிறார். "வெள்ளிக்கிழமை எங்க மிஸஸ் வராங்க சார். நெஞ்சுல பேஸ்மேக்கர் வெச்சிருக்கு. இந்தக் குழாயை ஒரு தடவை தொட்டாங்கன்னா, அப்புறம் அந்த மிஷினே தேவைப்படாது."

எனக்கு வியர்த்துவிட்டது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை... தொட்டால் அப்புறம் மிஷின் தேவைப்படாதுதான்.

செல்வியிடம் ஓடினேன். அவள் உடனே பாத்ரூமைப் பூட்டச் சொன்னாள். ஆனாலும், "பட்டுனு போட்டு உடைச்சிடாதீங்க. பாவம், மனசு விட்டுடுவாரு" என்றாள். கீசர் ரிப்பேர், அதுவரை பாத்ரூம் பூட்டு, கீழே வந்து குளியுங்கள் என்று மட்டும் சொல்லிச் சமாளித்தேன். பயந்தாங்கொள்ளி என்று திட்டுகிறீர்களா? திட்டுங்கள்.

கரீம் பாய் வந்தார். எங்கள் தெரு மொத்தத்துக்கும் அவர்தான் எலக்ட்ரீஷியன். பேச்சு ஜாஸ்தி, வேலையில் குறை கிடையாது. விஷயத்தைக் கேட்டதும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கீசரைத் திறந்து பார்த்தார். தண்ணீரைச் சூடாக்கும் காயிலில் ஓட்டை, எர்த் ஒயர் பிளக்குக்குள்ளேயே அறுந்து கிடந்தது. முன்பெல்லாம் இரும்புக் குழாய் தரைக்குள் போனதால் லீக்காகும் கரண்ட் அப்படியே மண்ணுக்கு இறங்கிவிடுமாம். கீழ்ப்பகுதியை நாங்கள் பிளாஸ்டிக்காக மாற்றிய பிறகு, மேலே இருக்கும் இரும்பு அந்தரத்தில் நின்றுவிட்டது.

"கரண்டுக்கு மண்ணுக்குப் போவ வழியில்ல சார். அதான் ராவ் சார் வழியா போயினு இருக்குது."

வியாழக்கிழமைக்குள் வேலை முடிந்தது. புதுக் காயில், லீக் ஆனால் தானாக ஆஃப் ஆகும் சுவிட்ச். கீசர், சுடுதண்ணீர்க் குழாய், பச்சைத் தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் பச்சை ஒயரால் ஒன்றாகக் கட்டி, தோட்டத்தில் வெட்டிய எர்த் குழிக்கு இறக்கிவிட்டார். உப்பு, கரி எல்லாம் போட்டு மூடினார்.

ராவ் ஆசையோடு போய்க் குழாயைத் தொட்டார். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை தொட்டார். முகம் வாடிவிட்டது. "எங்க போயிட்டார்?" என்றார்.

நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி சீலிங்கைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் கரீம் பாய்தான் பச்சை ஒயரைக் காட்டி, மெதுவாக, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

ராவ் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நானே அவ கையைப் பிடிச்சு தொட வெச்சிருப்பேன் சார்."

செல்வி சட்டென்று உள்ளே போய் எல்லோருக்கும் காபி போட்டாள்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா வந்தார். சுடச்சுடக் குளித்துவிட்டு, பாத்ரூம் பிரமாதம் என்று செல்வியிடம் சொன்னார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால்... தோட்டத்தில் ராவ், எர்த் குழிமேல் ஒரு குடம் தண்ணீரை நிதானமாக ஊற்றிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இரண்டு செம்பருத்திப் பூ. மண் காயாமல் ஈரமாக இருந்தால்தான் எர்த் நன்றாக வேலை செய்யும் என்று பாய் சொல்லியிருந்தாராம். அன்றிலிருந்து தினமும் அபிஷேகம்தான்.

பார்க்க வந்த கரீம் பாய் அசந்துபோனார். எர்த்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சமாம். ஒருவரும் கேட்டதில்லையாம்.

ஆமாம்... உங்கள் வீட்டு எர்த் குளித்து எத்தனை நாளாச்சு?