பெட்டிக்குள் அடித்த போன்

தேன்மொழி, கதிர்... இந்த வாரம் இதை உங்கள் இருவருக்காகத்தான் எழுதுகிறேன். வாரா வாரம் இந்தப் பக்கத்தை வாசிக்கிற மற்ற பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்கிறாரே அப்பா என்று கோபிக்க வேண்டாம். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

சார்ஜருக்காகச் சண்டை போட்டீர்கள். சரி. நான்கு நாளாகப் பேச்சில்லை. அதுவும் சரி. ஆனால் ஒரே கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, அவன்ட்ட அந்த ரிமோட்டக் கேளுங்கம்மா" என்று ஒருத்தி. "அம்மா, தர முடியாதுன்னு அவட்டச் சொல்லுங்கம்மா" என்று ஒருவன். நடுவில் உங்கள் அம்மா, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி.

செவ்வாய்க்கிழமை அம்மா ஆமத்தூருக்கு அவள் அக்காவைப் பார்க்கப் போய்விட்டாள். எக்ஸ்சேஞ்ச் லீவு! கதிர் மோட்டாரைப் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் கிரிக்கெட்டுக்குப் போனான். மோட்டார் ஓடுவது தெரியாமல் தேன்மொழி உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். நான் டியூட்டி முடிந்து வரும்போது, தெருமுனை வரை தண்ணீர் என்னை வரவேற்க வந்திருந்தது. நம் தெருவில் ஒரு குடம் தண்ணீருக்கு என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும்.

நான் திட்டவில்லை. கவனித்தீர்களா? அப்பாவுக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லையோ என்றுகூட நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் இல்லை. திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். வீணானது தண்ணீராக இருந்திருந்தால் பரவாயில்லை.

அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். என் சேக்காளி கருப்பசாமி தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர். எங்கே தீ என்றாலும் அவர் வண்டி முன்னால், என் வண்டி பின்னால், வழியை ஒதுக்கிக் கொடுக்க போலீஸ். போலீஸ் வயர்லெஸ்ஸில் பேசினால் போலீஸுக்கு மட்டும் கேட்கும். தீயணைப்பு வயர்லெஸ் தீயணைப்புக்கு மட்டும். எனக்கு என் கன்ட்ரோல் ரூம் மட்டும். மூன்று பேரும் ஒரே வேப்பமரத்தடியில் நின்றாலும், ஒருவர் செட்டில் வருவது அடுத்தவருக்குத் தெரியாது.

பிறகு எப்படி இத்தனை வருஷம் ஓட்டினீர்கள் என்கிறீர்களா? கருப்பசாமி என் மொபைலுக்கு அடிப்பார். "மச்சான், மேற்கால வா." அவ்வளவுதான். மூன்று டிபார்ட்மென்ட்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது எந்த உத்தரவும் இல்லை... என் போனில் இருந்த ஒரு நம்பர். அது ஒரு குறை என்றே யாருக்கும் தோன்றவில்லை. வேலை நடந்துகொண்டிருந்ததே!

ஒரு நாள் எம். புதுப்பட்டி பக்கம் ஒரு பட்டாசு கம்பெனி. வெடிமருந்து கலக்கும் அறையில் தீ. நாங்கள் போகும்போது முன்வாசல் பக்கத்து அறைகள் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தன. ஆம்புலன்ஸ் உள்ளே போகக்கூடாது. முன்வாசலிலேயே நிறுத்திவிட்டேன். கருப்பசாமி வண்டியை உள்ளே விட்டார்.

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டாசு கம்பெனி வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். போனை அதில் போட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே போகலாம். செருப்பும் வெளியேதான். முதலாளி மகனாக இருந்தாலும் இதேதான். ஒரு பொறி போதும் என்று தெரிந்த ஊர் இது. கருப்பசாமியும் இந்த ஊர்க்காரர்தானே? உள்ளே தீ எரிகிறது, அந்த அவசரத்திலும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வாட்ச்மேனிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போனார். கை தானாகச் செய்கிற காரியம். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. அடிபட்டவர் யாரையும் வெளியே கொண்டு வரவில்லை. கருப்பசாமிக்கு அடித்தேன். எனக்கு இடது பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், நாதஸ்வரம் கேட்டது. அவர் போனுடைய ரிங்டோன். மரப்பெட்டிக்குள்ளே இருந்து!

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். "எடுக்கவாண்ணே?" என்றார்.

"நீங்க எடுத்து என்ன செய்யப் போறீக, நான்தான அடிக்கிறேன்" என்றேன்.

பின்பக்கம் சுற்றிப் போய்ப் பார்க்கலாம் என்று வண்டியை எடுத்தேன். திருப்பத்தில் நின்ற போலீஸ் ஏட்டம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணே, பின்னாடி ரோட்டுல ஒரு வண்டியும் விடக்கூடாதுன்னு செட்டுல சொல்லியிருக்காக. வெடி சுவரைத் தாண்டி வந்து விழுகுது."

"அங்கன யாரும் அடிபட்டுக் கெடக்காகளா, கேட்டுச் சொல்லுங்கம்மா."

கேட்டார். அவர் செட்டில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? "அப்படி ஒண்ணும் தகவல் இல்லைன்றாகண்ணே" என்றார். அவர் முகத்திலும் வருத்தம்தான். வண்டியைத் திருப்பிப் பழைய இடத்திலேயே கொண்டு வந்து நிறுத்தினேன்.

அப்போதுதான் சுவரோரமாக ஒருத்தர் ஓடி வந்தார். சண்முகத்தாய் என்று பிறகு பெயர் தெரிந்தது. பேக்கிங் அறையில் வேலை பார்க்கிறவர். தலையெல்லாம் வெள்ளி நிறப் பொடி. வெறுங்கால். வந்த வேகத்தில் என் வண்டியின் முன்பக்கத்தில் ஓங்கி ஒரு தட்டு.

"ஏய்யா, இங்கன நின்னு யாருக்குய்யா காவல் காக்குறீக? அங்கன பின்வாசல்ல பாண்டியம்மா ரெண்டு கையயும் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு இம்புட்டு நேரமா உக்காந்திருக்கா. ஆம்புலன்சு வரும் வரும்னு நாங்க ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கோம்."

ஏட்டம்மாவும் அதைக் கேட்டுவிட்டார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தடுப்பை அவரே இழுத்துத் தள்ளினார். "போங்கண்ணே, நான் பாத்துக்கிடுதேன்."

பின்வாசலில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார் பாண்டியம்மாள். கைகள் இரண்டும் மேலே. யாரோ ஈரத்துணி சுற்றியிருந்தார்கள். கருப்பசாமி என்னைப் பார்த்ததும், "எங்கடா போன? வந்ததுமே எங்க செட்டுல சொல்லிட்டேன்லடா!" என்று கத்தினார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் செட்டில் சொன்னது அவர் ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து அவர்களுடைய கன்ட்ரோலுக்குப் போய், அவர்கள் எங்கள் கன்ட்ரோலுக்குப் போன் போட்டு, அங்கே ஒருவர் பொறுமையாக எழுதிக்கொண்டு... என் போன் அடித்தது. "காயம்பட்டவர் பின்வாசலில் இருக்கிறார், உடனே செல்லவும்." நான் அப்போது பாண்டியம்மாளை வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன்.

யோசித்துப் பாருங்கள் பிள்ளைகளா. கருப்பசாமி செய்ய வேண்டியதைச் செய்தார். ஏட்டம்மா தனக்குச் சொன்னதைச் செய்தார். வாட்ச்மேன் விதிப்படி நடந்தார். நானும் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றேன். எல்லாரும் சரியாகத்தான் செய்தோம். அன்றைக்கு எங்கள் எல்லாரையும்விட வேகமான வயர்லெஸ், சண்முகத்தாயுடைய இரண்டு கால்தான்.

பாண்டியம்மாள் பிழைத்துக்கொண்டார். வலது கையில் இரண்டு விரல் மட்டும் மடங்கவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் மடங்கியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். "அதைச் சொல்ல முடியாதுப்பா" என்றார். 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். 'இல்லை' என்றிருந்தால் தூங்கியிருப்பேன். சொல்ல முடியாது என்றால் என்ன செய்வது?

ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். பாண்டியம்மாள் என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"ஏன் தம்பி, ஆளுக்கொரு பேசுற பெட்டி வச்சிருந்தீகளாமே?"

"ஆமாக்கா."

"பெறகு எதுக்குப் பேசிக்கிடல? ஒருத்தருக்கொருத்தர் சண்டையா?"

கிண்டல்தான் செய்தார். பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சண்டை என்றாலாவது ஒரு காரணம் இருந்திருக்கும்.

பிறகு சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸில் ஒரு மீட்டிங். பெரிய அதிகாரிகள் எல்லாம் முன்வரிசை. நாங்கள் டிரைவர்கள் சுவரோரம். ஸ்பாட்டில் இருந்தவர்கள் யாராவது பேசுங்கள் என்றார்கள். கருப்பசாமி என் முழங்கையை இடித்தார். எழுந்து, மரப்பெட்டிக்குள் போன் அடித்த கதையைச் சொன்னேன். முதலில் சிரிப்பு கேட்டது. பாண்டியம்மாள் கேட்ட கேள்வியைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

எங்கள் செட்டில் அடுத்தவர் பேசக்கூடாது என்றது ஒரு தரப்பு. எல்லாரும் பேசினால் யாருக்கும் கேட்காது என்றது இன்னொன்று. இரண்டுமே நியாயம்தான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவரவர் செட் அவரவருக்கு. அதோடு, ஸ்பாட்டில் மட்டும் பேச, மூன்று வண்டிக்கும் பொதுவாக ஒரே சேனலில் ஆளுக்கு ஒரு செட். அதுவும் பட்டாசு கம்பெனிக்குள் தைரியமாகக் கொண்டுபோகிற மாதிரி, பொறி பறக்காத ரகம். வாட்ச்மேனும் பெட்டியை நீட்ட வேண்டியதில்லை.

போன வாரம் அதே கம்பெனியில் ஒத்திகை. மரத்தூள் அடைத்த சாக்கு மூட்டைதான் காயம்பட்டவர். பின்வாசலில் கிடத்தினோம். பொது சேனல் திறந்தது. எங்கள் மாவட்டத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு... மரியாதை!

"அய்யா வணக்கம்யா. நல்லா இருக்கீகளாய்யா?"

"இருக்கேன், இருக்கேன். நீங்க சாப்பிட்டீகளா?"

"ஆச்சுய்யா. அண்ணனும் லைன்ல இருக்காக போல. அண்ணே வணக்கம்ணே."

பெரியவர் பேசி முடிக்கட்டும் என்று சின்னவர் காத்திருந்தார். சின்னவர் ஏதோ சொல்ல வந்தாரே என்று பெரியவர் காத்திருந்தார். ஏட்டம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு பட்டனை அமுக்கினார். "மூட்டைக்கு உசுரு இருந்தா இந்நேரம் போயிருக்கும்."

அதன் பிறகுதான் எல்லாருக்கும் புத்தி வந்தது. வணக்கம் வேண்டாம், அய்யா வேண்டாம். யார், எங்கே, என்ன வேண்டும் என்பது மட்டும் போதும். இரண்டாவது தடவை கருப்பசாமி, "தீயணைப்பு. பின்வாசல். ஒருத்தர். கை" என்றார். அவர் வாயை மூடும்போது என் வண்டி நகர்ந்திருந்தது. ஏட்டம்மா ஏற்கனவே தடுப்பைத் தள்ளியிருந்தார். அவருக்கும் கேட்டதே!

பேச வழி இருப்பது வேறு, பேசிக்கொள்வது வேறு. நடுவில் ஓர் அம்மா இருக்கும்வரை இரண்டும் ஒன்று மாதிரியே தெரியும். அம்மா ஆமத்தூருக்குப் போகும் நாளில்தான் தெருவெல்லாம் தண்ணீர்.

தேன்மொழி, சார்ஜர் யாருடையது என்று நான் கேட்கப்போவதில்லை. கதிர், நீயும் நியாயம் பேச வராதே. மோட்டாரைப் போட்டால் போட்டேன் என்று சொல்லுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டாவது சொல்லுங்கள்.

ஒத்திகை முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு, நான் மட்டும் பின்வாசலுக்குப் போனேன். பாண்டியம்மாள் உட்கார்ந்திருந்த கல் அங்கேயே கிடந்தது. ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். சண்முகத்தாய் ஓடி வந்த அதே சுவரோரமாக, முன்வாசலை நோக்கி நடந்தேன். எல்லாம் கருவேல முள். பாதி வழியில் ஒன்று ஆழமாக ஏறியது. உட்கார்ந்து, நிதானமாகப் பிடுங்கினேன்.

சண்முகத்தாய் உட்கார்ந்திருக்க மாட்டார்.