வேகத்தடையில் எழுந்த குதிகால்கள்

எனக்குப் பாகூரில் ஜவுளிக்கடை. சரக்கெடுக்கப் பாண்டி போகும் பஸ்ஸில் ஒருநாள் அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். படியவாரிய தலை, தூக்கமில்லாத கண்கள். வயர் பற்றவைத்த விரல் நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்று, துண்டில் பாதி சுற்றி, மடியில் இருந்தது. வேகத்தடை வரும்போதெல்லாம் இரண்டு குதிகால்களையும் தூக்கிக்கொண்டாள். அதிர்வு மடிக்கு ஏறாதாம்.

"இன்னாம்மா, காலிக் குழாய்க்கா இவ்ளோ பத்திரம்?" என்றேன்.

"காலி இல்லண்ணா. வயர் பத்தவச்சி ஆய்வகத்துக்குத் திரும்ப எடுத்துனு போறேன். உள்ள ருபிடியம்னு ஒரு உலோகத்தோட ஆவி இருக்குது. லேசர் பட்டா அந்த அணு ஊதிப் பெருசாயிடும். லேசா மோதினாலே எலக்ட்ரான் பிச்சிக்கினு போயிடும். உள்ள இருக்கிற தகடு அத புடிச்சா கரண்ட் ஓடும். அத வச்சிதான் அப்படி ஒரு அணு இருந்துச்சின்னு தெரிஞ்சிப்போம்."

"உடைஞ்ச பொறவுதான் இருந்ததே தெரியுமா?"

"ஆமாண்ணா," என்றாள், சிரிக்காமல். "குழாயில கீறல் வுழுந்தா காத்து பூந்துடும். வேற செஞ்சி வர்றதுக்குள்ள என் ஆராய்ச்சிக் காலமே முடிஞ்சிடும்."

சில மாதங்கள் கழித்து அதே பஸ்ஸில், எதிர்வரிசையில் அவளைப் பார்த்தேன். மடி வெறுமையாக இருந்தது. ஆராய்ச்சி முடிந்ததா, குழாய் உடைந்ததா, முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

கிருமாம்பாக்கத்து வேகத்தடை வந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவளின் குதிகால்கள் மெல்ல எழுந்தன. பஸ் தடையைத் தாண்டி இறங்கிய பிறகுதான் தரையைத் தொட்டன.