சோதனைக்குப் போன தண்ணீர்

அனலைதீவுப் பள்ளிக்கூடமொன்றுக்கு எனக்கு நியமனம் வந்தபோது என் வீட்டார் கடலைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். வள்ளம் கவிழ்ந்தால் என்ன செய்வது, சோளகக் காற்றுக் காலத்தில் எப்படிப் போய் வருவது என்று அம்மா நான் புறப்படும்வரை புலம்பிக்கொண்டிருந்தார். கடல் என்னை ஒன்றும் செய்யவில்லை. என்னைப் படாத பாடு படுத்தியது பள்ளிக்கூடத்துக் கிணறு.

எழுபதுகளின் தொடக்கம் அது. கிணற்றின் கட்டு முழங்கால் உயரந்தான். ஒரு வாளி, ஒரு கப்பி, சங்கிலியில் கட்டித் தொங்கவிட்ட ஒரு தகரப்பேணி. இடைவேளை மணி அடித்ததும் முழுப் பள்ளிக்கூடமும் அந்த ஒற்றைப் பேணியில் வாய் வைத்துக் குடிக்கும். பின்னேரங்களில் அக்கம்பக்கத்தார் அதே கிணற்றடியில் நின்று குளிப்பார்கள், உடுப்புத் தோய்ப்பார்கள். சவர்க்கார நுரையோடு ஓடும் தண்ணீர் கல்வெடிப்புகளுக்குள் இறங்கிக் காணாமற்போகும். எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். மாடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டு நின்ற ஒருவர், "நிலத்துக்குள்ளை போகுது பிள்ளை, வேறை எங்கை போறது?" என்றார்.

மழை பெய்து ஓய்ந்தால் என் இரண்டாம் வகுப்பில் பாதி வாங்குகள் வெறுமையாக இருக்கும். வந்திருக்கிற பிள்ளைகளிடம் விசாரித்தால், "வயித்தாலை போகுது ரீச்சர்" என்று ஒரே பதில். வகுப்பிலே வாய் ஓயாமல் கதைக்கிற ஒரு சிறுமி நெடுநாள் வராமல் இருந்து திரும்பி வந்தாள். சட்டைதான் முன்னால் வந்தது. உள்ளே ஆளைத் தேட வேண்டியிருந்தது. அன்றைக்கே அதிபரிடம் போனேன்.

அதிபர் ஆகிருதியான மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளை நாஷனல் சட்டை, உரத்த குரல். மனம் மட்டும் வெண்ணெய். தீவிலேயே பிறந்து வளர்ந்தும் வள்ளத்தில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார். அதற்கு அடுத்தபடியாக அவருக்குப் பயம் திணைக்களக்காரர். கல்வியோ, சுகாதாரமோ, விவசாயமோ, எங்கிருந்து யார் பரிசோதிக்க வந்தாலும் அவருக்கு வியர்த்துக் கொட்டும்.

"ரீச்சர், இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் நான் படிச்சனான். என்னைப் பாரும்" என்றார்.

பார்த்தேன். கதவை அடைத்துக்கொண்டு நின்றார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு தண்ணீரைக் குறை சொல்ல முடியாதுதான்.

"உங்களோடை படிச்ச எல்லாரும் இப்ப இருக்கினமோ, சேர்?"

அவர் திரும்பிக் கிணற்றடியைப் பார்த்தார். பிறகு, "பி.எச்.ஐ.க்குச் சொல்லி அனுப்புவம்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது பெரிய காரியம்.

பி.எச்.ஐ. என்கிற சுகாதாரப் பரிசோதகர் இளம் ஆள். கடலுக்கு அக்கரையில், நாரந்தனையில் வாடகை வீட்டில் மனைவி பிள்ளைகளோடு இருந்தார். மடிப்புக் கலையாத காற்சட்டையோடு வந்து கிணற்றைச் சுற்றி நடந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். தகரப்பேணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார். அதிபர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி பின்னாலேயே நடந்தார்.

"தண்ணியைச் சோதிக்காமல் நான் ஒண்டும் சொல்லேலாது. தண்ணி சரியில்லை எண்டால் கிணத்தை மூடத்தான் வேணும்" என்று சொல்லி, கொதிநீரில் அவித்துத் துணியால் சுற்றிய ஒரு கண்ணாடிப் போத்தலைத் தந்தார். யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் அனுப்பும் நாளில் காலையில் அள்ளி, முதல் வள்ளத்தில் அவருடைய வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அவர் ஐஸ் கட்டியில் வைத்து பஸ்ஸில் அனுப்புவார்.

"போத்தல் வாயிலை கை படக்கூடாது. வெயில் படக்கூடாது. கனக்கக் குலுங்கவும் கூடாது."

"வள்ளத்திலை குலுங்காமல் எப்பிடி ஐயா கொண்டு வாறது?" என்று அதிபர் கேட்டார்.

"மடியிலை வைச்சிருங்கோ."

கிணற்றை மூடினால் பிள்ளைகள் தண்ணீருக்கு எங்கே போவார்கள் என்ற யோசனை அன்றே அதிபரைப் பிடித்துக்கொண்டது. நல்ல தண்ணீர்க் கிணறு பள்ளிக்கூடத்திலிருந்து வெகுதூரம். போனால் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள்.

குறித்த நாளில் நானே தண்ணீரை அள்ளிப் போத்தலில் நிரப்பினேன். ஈரச்சாக்கில் சுற்றி அதிபரின் மடியில் வைத்தோம். வள்ளம் புறப்பட்டதும் அவர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு ஒரு பக்கத்தில் நான்; மற்றப் பக்கத்தில் புகையிலைச் சிப்பங்களோடு ஒரு கமக்காரர் இருந்தார். பாவம், அவருக்கு விக்கல். ஏறும்போதே தொடங்கியது, நடுக்கடல் வந்தும் நிற்கவில்லை. ஒவ்வொரு விக்கலுக்கும் வள்ளமே ஒருமுறை எழும்பி விழுவதுபோல இருந்தது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மூச்சைப் பிடிக்கச் சொன்னார் ஒருவர்; மாமியாரை நினைக்கச் சொன்னார் இன்னொருவர்.

நான் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது கமக்காரர் சாக்கை விலக்கி, மூடியைக் கழற்றி, போத்தலை அண்ணாந்து வாய்க்குள் கவிழ்த்திருந்தார்.

"ஐயோ அண்ணை, அது சோதிக்கிற தண்ணி!"

போத்தலை வாயிலிருந்து எடுத்தார். அடியில் ஒரு சொட்டும் இல்லை.

"என்னத்தைச் சோதிக்கிறது?"

"கிருமி இருக்கோ எண்டு."

விக்கல் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

"இருக்கோ?"

"தெரியாது. அதை அறியத்தானே கொண்டு போறம்."

"இனி எப்பிடிப் பிள்ளை அறியிறது? அது எனக்குள்ளையெல்லே கிடக்கு!"

"அப்ப அண்ணையைத்தான் ஐஸ் பெட்டியிலை வைச்சு யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேணும்" என்றார் வள்ளக்காரர். எல்லோரும் சிரித்தார்கள், இரண்டு பேரைத் தவிர. கமக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதிபர் கண்ணைத் திறந்து வெறும் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாரந்தனையில் பரிசோதகர் வீட்டில் இல்லை. ஐஸ் வாங்க மீன்வாடிக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கதிரை போட்டா. "சின்னவனுக்கு இரவிரவா வயித்துக்குத்து. மாம்பழம் திண்டதாலை எண்டு இவர் சொல்லுறார். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்று குசினிக்குள் போனா.

அதிபர் எழுந்தார். போத்தலோடு முற்றத்தால் நடந்து, குசினிக்குப் பக்கத்திலிருந்த கிணற்றில் வாளியை விட்டார். நான் ஓடிப்போய், "சேர், என்ன செய்யிறியள்?" என்று மெல்லக் கேட்டேன்.

"ரீச்சர், கத்தாதையும். பி.எச்.ஐ. வீட்டுக் கிணத்தை விடச் சுத்தமான கிணறு இந்தப் பக்கத்திலை இருக்குமோ? தண்ணி பாஸ். கிணத்தை மூடத் தேவையில்லை. பேந்து நான் எங்கடை கிணத்தை இறைச்சுத் துப்புரவாக்கிப் போடுறன். உமக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம்."

"தண்ணி மாறினால் பேந்தென்னத்துக்குச் சேர் சோதனை?"

அதற்குள் படலை திறந்தது. பரிசோதகர் ஐஸ் பெட்டியோடு மூச்சிரைக்க வந்தார். பஸ் வருகிற நேரம். போத்தலை வாங்கினார், ஐஸுக்குள் புதைத்தார், சைக்கிளில் ஏறினார். நான் வாயைத் திறந்ததுதான். ஆள் ஒழுங்கையைத் தாண்டிவிட்டார். அதிபர் நிம்மதியாக உட்கார்ந்து, வந்த தேநீரை உறிஞ்சிக் குடித்தார். நான் தொடவில்லை. தொடாததற்கு அப்போது காரணம் கோபம் மட்டுந்தான்.

திரும்பி வந்ததும் என் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து கொதித்தாறிய தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். சிலர் கொண்டுவந்தார்கள். சிலருடைய தாய்மார், "கிணத்தடியிலை பள்ளிக்கூடத்தை வைச்சுக்கொண்டு தண்ணி காவச் சொல்லுறா இந்த ரீச்சர்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள்.

முடிவுக்காக ஊரிலே உண்மையாக ஏங்கியவர் ஒருவர்தான். புகையிலைக் கமக்காரர் தினமும் காலையில் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார்.

"ரிசல்ட் வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை, அண்ணை."

"இடது காதுக்குள்ளை ஒரு இரைச்சல் கேக்குது. கிருமி காதுக்கும் போகுமோ?"

மற்றொரு நாள் முழங்கால். இன்னொரு நாள் கனவு. மனைவி மல்லித்தண்ணீர் அவித்துக் கொடுத்துக் களைத்துப் போனா. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பதைக்கூட விட்டுவிட்டார். அதிபர் அவரைக் கண்டால் பின்கதவால் போகத் தொடங்கினார்.

கடைசியில் பரிசோதகர் தானே வந்தார். முகம் கல்லாக இருந்தது. பெற்றோரையும் கூப்பிடச் சொன்னார். முற்றம் நிறைந்தது. கமக்காரர் மனைவியோடு முன்வரிசையில் நின்றார். அதிபர் மட்டும் சிரித்த முகத்தோடு இருந்தார். முடிவு தெரிந்த மனிதர் அல்லவா.

"இது மனுசர் குடிக்கிற தண்ணியில்லை" என்று தொடங்கினார் பரிசோதகர். "மலக்கிருமி நிறைய இருக்கு. நெருப்புக்காய்ச்சல், வயித்தோட்டம் எல்லாம் இதாலை வரும். இந்தத் தண்ணியை ஆர் குடிச்சாலும்..."

அவர் வசனத்தை முடிக்கவில்லை. கமக்காரர் வெட்டிய வாழைபோலச் சரிந்தார். மனைவி தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரி தொடங்கினா. பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அதிபர் ஓடிவந்து அவருடைய தலையைத் தூக்கி மடியில் வைத்தார்.

"அண்ணை, எழும்புங்கோ! உங்களுக்கு ஒண்டும் வராது. நீங்கள் குடிச்சது இந்தத் தண்ணியில்லை!"

கமக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"அப்ப அவர் எந்தத் தண்ணியைக் குடிச்சவர்?" என்றார் பரிசோதகர்.

"எங்கடை கிணத்துத் தண்ணியை, ஐயா."

"நான் சோதிப்பிச்சதும் உங்கடை கிணத்துத் தண்ணியைத்தானே?"

அதிபரின் நாஷனல் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இல்லை ஐயா."

"பேந்து?"

"உங்கடை."

"என்ரை என்ன?"

"உங்கடை கிணறு, ஐயா. குசினிக்குப் பக்கத்திலை இருக்கிறது."

ஊர் வெடித்துச் சிரித்தது. படுத்திருந்த கமக்காரரும் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். பரிசோதகர் பாய்ந்து விழப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் மெதுவாகத் தன் வயிற்றில் கை வைத்தார்.

"விடியவும் ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டுத்தான் வந்தனான்" என்றார். பிறகு, யாருக்கும் சொல்லாமல் தனக்கே சொல்வதுபோல, "அப்ப மாம்பழமில்லை" என்றார்.

அவருடைய முகத்தைப் பார்த்ததும் முன்வரிசையில் சிரிப்பு நின்றது. பிறகு பின்வரிசையிலும் நின்றது. அதிபர் கைகட்டிக்கொண்டு, "பெரிய பிழை செய்திட்டன், ஐயா" என்றார். "செய்திட்டியள்தான்" என்றார் பரிசோதகர். "முதல்லை நான் வீட்டை போக வேணும்." யாரும் கேட்காமலே வள்ளக்காரர் நங்கூரத்தை எடுக்க ஓடினார்.

பிறகு தெரிந்தது: வேலிக்கு அப்பால், அடுத்த வளவின் மலசலகூடக் குழி, அவருடைய கிணற்றிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது. வாடகைக்கு வந்த நாளிலிருந்து தன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஊர்க் கிணறுகளையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறார். குடும்பத்தோடு வேறு வீட்டுக்கு மாறினார்கள், சின்னவனுக்கும் சுகமாயிற்று.

அவர் நினைத்திருந்தால் அதிபரை மேலிடத்துக்கு எழுதி மாட்டியிருக்கலாம். எழுதவில்லை. எழுதினால் தன்னுடைய கிணற்றையும் எழுத வேண்டும் என்று அதிபர் எனக்கு விளக்கினார். எனக்கென்னவோ அது மட்டும் காரணமாகப் படவில்லை. அடுத்த முறை தானே வந்து, தன் கையால் அள்ளி, போத்தலைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். எங்கள் கிணற்றுத் தண்ணீரும் பழுதுதான். அதை அறிந்த கமக்காரர் இந்த முறை விழவில்லை. "இவ்வளவு நாளும் ஒண்டும் செய்யேல்லை, இனியோ செய்யப்போகுது" என்றார். ஆனால் கிணற்றை மூடாமல் திருத்தலாம் என்று பரிசோதகர் சொன்னதும் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தோடு முதலில் வந்து நின்றவர் அவர்தான்.

ஊரே கூடி இறைத்தது. அடியிலிருந்து சிலேற்றுகள், ஒற்றைச் செருப்புகள், முன்பு தொங்கிய பேணிகள், அதிபர் களவுபோய்விட்டதென்று சொல்லிக்கொண்டிருந்த பிரம்பு எல்லாம் வந்தன. கிணற்றுக் கட்டை இடுப்பளவுக்கு உயர்த்தினார்கள். சுற்றிவர சீமெந்து போட்டு, கழிவுநீர் தூரப் போக வாய்க்கால் கட்டினார்கள். குளிப்புக்கும் மாட்டுக்கும் தடை. ஒற்றைப் பேணியும் போய், பிள்ளைக்கொரு பேணி வந்தது. பரிசோதகர் வெள்ளைத் தூளைக் கரைத்துக் கிணற்றில் ஊற்றிவிட்டு, மழைகாலத்தில் கொதிக்க வைத்தே கொடுக்கச் சொன்னார். கொதிக்க வைக்கும் வேலையை, முன்பு என்னைப் பார்த்துச் சிரித்த தாய்மாரே முறைபோட்டு எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மாரியில் என் வகுப்பு வாங்குகள் நிறைந்திருந்தன. எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள் என்று சொல்லமாட்டேன். வராதவர்கள், வலையில் மீன் நிறையப் பட்ட நாளில் கரைக்குப் போனவர்கள், கலியாண வீட்டுக்குப் போனவர்கள்.

மருந்து போட்ட தண்ணீரை முதன்முதல் குடித்த நாளில் அந்த வாயாடிச் சிறுமி ஒரு மிடறு குடித்து, முகத்தைச் சுளித்து, பேணிக்குள் மூக்கை விட்டு மணந்து பார்த்தாள்.

"ரீச்சர், தண்ணிக்கு வருத்தமோ? ஆசுப்பத்திரி மணம் மணக்குது."

"வருத்தம் மாறிட்டுது. மருந்து குடிச்ச மணம் அது" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பாவம்" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தையும் குடித்து முடித்தாள்.